சம்பந்தி சொல்லாத ஆமென்

...ஒரே ஒரு ஆமென், தம்பி! மூணே எழுத்து! அதச் சொல்றதுக்கு அந்த மனுஷனுக்கு வாய் வரலயாம். உங்களையே எடுத்துக்கோங்க, கடவாப்பல்லு ரெண்டா பொளந்து, மொகம் கோணிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க. இப்ப உங்களச் சொல்லச் சொன்னாக்கூட சொல்லிடுவீங்க. ஆ காட்டுங்க. இன்னும் பெருசா. ஆங்... அப்படியே. இவ்வளவு நல்லா வாய தொறக்கற ஆளு டாக்ஸி ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. வாயவே தொறக்காத ஆளு எனக்குச் சம்பந்தியா வந்து வாச்சிருக்காரு. என் நேரம்!

இந்தாங்க, இந்தக் குழாய நீங்களே புடிச்சுக்கோங்க. எச்சில் உறிஞ்சற குழாய்தான், ஒண்ணும் பண்ணாது. எங்க நர்ஸ் பொண்ணுதான் எப்பவும் புடிப்பா. அவ இன்னிக்கு லீவு. எதுக்கு லீவுன்னு கேளுங்க... எம்பொண்ணு கல்யாணத்துக்குச் சாப்பிடப் போயிருக்கா! பெத்தவ இங்க பல்லு புடுங்கிக்கிட்டு இருக்கேன், நர்சு அங்க பந்தியில உக்காரப் போறா. எப்படி இருக்கு கத? கண்ண உருட்டாதீங்க. ஆமா, வெளிய விடுமுறைன்னு போர்டு தொங்குது. நான்தான் மாட்டினேன். மாட்டினவளே வந்து தொறந்தும் வச்சேன். மாடியில எங்க வீடு, அங்க உக்காந்தா செவுத்தோடதான் பேசணும். கீழ வந்து உக்காந்தா யாராவது வலியோட வருவாங்கன்னு நெனச்சேன், நீங்க வந்தீங்க. நல்லா இருங்க.

ஊசி போடறேன். சுருக்குன்னு இருக்கும், கைய கால உதறாதீங்க. அவ்வளவுதான்... அவ்வளவேதான். இனி மரத்துப் போற வரைக்கும் சும்மா உக்காருங்க. நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

நீங்க எந்த சபை? தலைய ஆட்டாதீங்க, எதுவா இருந்தா எனக்கென்ன. வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு நாங்க எல்லாரும் ஒண்ணுதான். சிலுவைன்னா சிலுவை, ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை. உள்ள வந்து பாருங்க, அப்பத்தான் தெரியும் கூத்து! எங்க சபையில என்ன சொல்றோம்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூணு பேரு, ஆனா ஒரே தேவன். இயேசு தேவன்தான். பாதி இல்ல, முழுசா. சம்பந்தி வீட்டு சபையில? பிதா ஒருத்தர்தான் தேவனாம். இயேசு அவரோட மகனாம். எல்லாத்துக்கும் முன்னாடி படைக்கப்பட்டவராம், தூதருங்க எல்லாருக்கும் மேலயாம், ரொம்ப ரொம்பப் பெரியவராம்... ஆனா தேவன் இல்லயாம்! கேட்டீங்களா? அவ்வளவு தூரம் மேல ஏத்தி வச்சிட்டு, கடைசிப் படியில புடிச்சு நிறுத்திட்டாங்க. மேனேஜர் வரைக்கும் வரலாம், மொதலாளி ஆக முடியாது!

இது எதுவும் எனக்கு முன்னாடி தெரியாது. எம்பொண்ணு மருந்துக்கடையில வேல பாக்கறா. பையன் ஆஸ்பத்திரி லேபுல ரத்தம் எடுக்கறவன். நல்ல கை, குத்தினா தெரியாதுன்னு சொல்லித்தான் அவளே வந்து ஆரம்பிச்சா. நானும் பாத்தேன். பல்லு வரிசை சுத்தம், ஒரு சொத்த இல்ல. எனக்கு அது போதும். பேரு கிறிஸ்தவப் பேரு, குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், வேற என்ன விசாரிக்கணும்? 'இயேசுவ நீங்க என்னவா வச்சிருக்கீங்க'ன்னு கேட்டா பொண்ணு குடுப்பாங்க, சொல்லுங்க?

அப்புறம்தான் சம்பந்தி எங்க வீட்டுக்கு வந்தாரு. லிஃப்ட் மெக்கானிக் அவரு. லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அலறறவங்ககிட்ட வெளிய நின்னு, 'பயப்படாதீங்க, மெதுவா மூச்சு விடுங்க, இதோ தொறந்துடறேன்'னு பேசிப் பேசி, ஒரு குரல் வச்சிருக்காரு பாருங்க... அந்தக் குரல்ல என்ன சொன்னாலும் நமக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு தோணும். காபி குடுத்தேன். கப்ப கையில வச்சுக்கிட்டு அந்தக் குரல்லயே சொல்றாரு, 'ஒண்ணு மட்டும் சொல்லிடறேங்க. நாங்க இயேசுவ வணங்கறதில்ல. இயேசு மூலமா பிதாவ வணங்கறோம்'னு. என் கையில இருந்த பிஸ்கட் தட்டு அப்படியே நின்னு போச்சு.

எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணாரு தெரியுமா? 'ரொம்ப சந்தோஷம், பிஸ்கட் எடுத்துக்கோங்க'ங்கறாரு! கணக்கு வாத்தியாரு அவரு. ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணும் சேந்தா மூணுன்னு காலம் பூரா பசங்களுக்கு அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்தவரு. ஞாயித்துக்கிழமை ஆனா அதே மூணு ஒண்ணுன்னு பாடிட்டு வருவாரு. ஒரு நாளாவது ஒரு சந்தேகம் வந்திருக்கணுமே? வராது. யாரு ஜெபம் பண்ணாலும் ஆமென் சொல்லுவாரு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் கொட்டாவி விட்டு 'ஆண்டவா'ன்னா அதுக்கும் ஒரு ஆமென். அவர நம்பி எந்த சண்டையில எறங்க முடியும்?

ஒதடு மரத்துப் போச்சா? கன்னத்தத் தட்டிப் பாருங்க. இன்னும் இல்லயா? இருங்க, வரும்.

நான் சும்மா விடுவேனா? கேட்டேன். 'செத்து எழுந்து வந்த இயேசுவப் பாத்து அவரோட சீஷர் தோமா, என் தேவனேன்னு கூப்பிட்டாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?'ன்னு. அவரு மெதுவா கப்ப கீழ வச்சாரு. 'பிதா என்னவிடப் பெரியவர்னு இயேசுவே சொல்லியிருக்காரே, அதுக்கு நீங்க என்னங்க சொல்றீங்க?'ன்னாரு. நான் ஒரு வசனம் எடுத்தா அவரு ஒரு வசனம் எடுக்கறாரு. எல்லாம் ஒரே வேதத்துல இருந்துதான், தம்பி! அவருக்குத் தனி வேதம் இருந்தாலாவது மனசு ஆறும்.

இந்த நேரம் பாத்து எங்க அக்கா உள்ள வர்றா. யாரும் கூப்பிடல. அவ வேற ஒரு சபை. அங்க பிதாவே இயேசுதான். மூணு பேருன்னு யாரும் கெடையாது, ஒரே ஆளு மூணு வேல பாத்தாரு, அவ்வளவுதான்னு சொல்லுவாங்க. எனக்கும் அவளுக்கும் சின்ன வயசுலயே ஞானஸ்நானம் ஆச்சு. அது பிதா, குமாரன், ஆவின்னு மூணு பேர்ல குடுத்தது, செல்லாதுன்னு சொல்லி, இந்த வயசுல போயி இயேசு பேர்ல மறுபடி முங்கி எந்திரிச்சா. ஜலதோஷம் புடிச்சு எங்க வீட்டுலதான் வந்து படுத்தா. கஷாயம் வச்சுக் குடுத்தது மூணு பேர நம்பறவதான்!

அவ வந்து உக்காந்ததும் சம்பந்தியப் பாத்து, 'இயேசு தேவன் இல்லன்னா நீங்க இயேசுவையே விட்டுட்டீங்க'ங்கறா. எனக்குச் சந்தோஷம், சரி, அக்கா நம்ம பக்கம்னு. அடுத்த வாய்க்கே என்னப் பாத்து, 'நீ மூணு தேவன வச்சிருக்க'ங்கறா! உடனே சம்பந்தி தலைய ஆட்டி, 'அதேதான் நாங்களும் சொல்றோம்'ங்கறாரு. இப்ப அவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், நான் தனியா! விட்டேனா? அக்காவப் பாத்து, 'ஒரே ஆளுதான்னா, சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு தோட்டத்துல முட்டி போட்டு பிதாவேன்னு அழுதாரே, யாருகிட்ட அழுதாரு? தனக்குத்தானே மனு குடுத்தாரா?'ன்னு கேட்டேன். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். சம்பந்தி, 'நல்ல கேள்விங்க'ன்னாரு. இப்ப நானும் அவரும் ஒரு பக்கம்! சாயங்காலம் வரைக்கும் இதேதான். யாராவது ரெண்டு பேரு சேந்துக்கிட்டு மூணாவது ஆள மொத்துறது. பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்த எம்பொண்ணு உள்ள இருந்து, 'நீங்க மூணு பேரும் சேந்து ஒரே மாமியாரா வந்துடாதீங்க'ன்னா. வாய் நீளம் அவளுக்கு. எங்க இருந்துதான் வந்துச்சோ!

இப்ப தட்டுங்க. மரக்கட்ட மாதிரி இருக்கா? நல்லது. கண்ண மூடிக்கோங்க. அமுத்தற மாதிரி இருக்கும், வலிக்காது. வலிச்சா கைய தூக்குங்க... பேச்ச நிறுத்தச் சொல்லித் தூக்காதீங்க, வலிச்சா மட்டும்.

அன்னிக்குத்தான் நான் பல்ல வச்சு வெளக்கினேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சு எனக்கு. இதே பல்லுதான், தம்பி. மேல வெள்ளையா ஒரு ஓடு, அதுக்குள்ள ஒரு எலும்பு மாதிரி, நடுவுல உயிரு, நரம்பு. மூணு. ஆனா பல்லு ஒண்ணுதானே? 'இதுதாங்க திரித்துவம்'னேன்! எங்க வீட்டுக்காரர் ஆமென்னாரு. சம்பந்தி யோசிச்சாரு. அந்த லிஃப்ட் குரல்ல, 'ஓடு மட்டும் தனியா இருந்தா அத பல்லுன்னு சொல்லுவீங்களாங்க?'ன்னு கேட்டாரு. சொல்ல மாட்டோம். 'அப்ப இயேசு மட்டும் தனியா முழு தேவன்னு எப்படிச் சொல்றீங்க?'ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நேரா எங்க பாஸ்டர்கிட்ட போனேன். அவரு நம்ம பக்கம் பேசாம எங்க போவாரு? பல்லுக் கதைய முழுசா கேட்டாரு. கேட்டுட்டு கண்ணாடியக் கழட்டி, 'அம்மா, இத எங்கயும் சொல்லிடாதீங்க. தேவனப் பாகம் பாகமா பிரிக்கிறது நம்ம சபை எப்பவோ தப்புன்னு தள்ளின கொள்கை'ங்கறாரு!

பாருங்க நெலமைய! நம்ம விசுவாசத்தக் காப்பாத்தறேன்னு போயி, நானே கள்ள உபதேசக்காரி ஆயிட்டேன்! 'அப்ப சரியான உதாரணத்த நீங்களே சொல்லுங்க'ன்னேன். 'உதாரணமே கெடையாதும்மா, அது தேவ ரகசியம்'னாரு. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இத்தன வருஷமா மொத பெஞ்சுல உக்காந்து, பாட்டுப் பாடி, காணிக்கை போட்டு... உண்மையச் சொல்லணும்னா எனக்கு ஒண்ணும் தெரியாது, தம்பி. இயேசுன்னா எனக்கு உசுரு, அவ்வளவுதான் தெரியும். எம்பொண்ணு பொறந்தப்ப மூச்சு விடல. அப்ப நான் இயேசுவேன்னுதான் கத்துனேன். மூணா ஒண்ணா, படைச்சாங்களா படைக்கலயான்னு அப்பப் பாத்தா கத்துனேன்? அவ அழுதுட்டா. அது போதும்னு இருந்தேன். அந்த இயேசுவத்தான் இவரு வந்து 'வணங்கறதில்லீங்க'ன்னு பிஸ்கட் எடுக்கறாரு. வலிக்குமா வலிக்காதா?

ஐயோ, கைய தூக்கறீங்க! உங்களுக்கா வலிக்குது? இருங்க, இருங்க... இன்னும் கொஞ்சம் மருந்து போடறேன். சொல்றதுக்கென்ன? ஓ, வாய்க்குள்ள என் கை.

சரி, எங்க விட்டேன்? நிச்சயதார்த்தம். அங்கதான் அந்த ஆமென். எங்க வீட்டு ஹால்லதான் வச்சோம். நாற்காலிய ஓரமா தள்ளிட்டு எல்லாரும் வட்டமா நின்னோம். மோதிரம் போடறதுக்கு முன்னாடி நான் ஜெபம் பண்ணேன். நல்ல ஜெபம், தம்பி! 'இயேசுவே, நீரே மெய்யான தேவன், நீரே படைத்தவர், உம்மை விட்டால் வேறு தேவன் இல்லை'ன்னு ஆரம்பிச்சு, புள்ளைங்களுக்கு ஆசீர்வாதம் கேட்டு, 'என்று கேட்கிறோம், ஆமென்'னு முடிச்சேன். எல்லாரும் சொன்னாங்க. சம்பந்தி சொல்லல! தல குனிஞ்சு, கைய கட்டி, கம்முனு நிக்கறாரு. சரி, காதுல விழலயோன்னு இன்னொரு தடவ, 'எங்கள் தேவனாகிய இயேசுவே... ஆமென்'னேன். ம்ஹூம். இன்னும் சத்தமா, இன்னொரு தடவ. அவர் சம்சாரத்துக்கு முட்டி வலி, நிக்க முடியாம மேஜையப் புடிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் ஆமென் ஆமென்னு கடன அடைக்கறாரு. அக்கா மட்டும் 'இயேசு'ங்கற எடத்துல எல்லாம் அல்லேலூயா, மத்த எடத்துல எல்லாம் மூஞ்சிய சுளிக்கறா. நான் விடல. ஜெபம் முடிஞ்சா இல்ல கண்ண தொறக்கலாம்? முடியாம எப்படித் தொறப்பாங்க? கடைசியில அந்த மனுஷன் நிமிந்து, 'மன்னிச்சிடுங்க, எங்களால முடியலீங்க'ன்னு சொல்லிட்டு, சம்சாரத்துக்குக் கை குடுத்து வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு ஆமென் சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே?

எனக்கு எப்படித் தெரியும்னா? கண்ண மூடி ஜெபம் பண்றவளுக்கு, யாரு சொன்னா யாரு சொல்லலன்னு எப்படித் தெரியும்னு தானே பாக்கறீங்க? ஒரு கண்ணு லேசா தொறந்திருந்துச்சு. அது சின்ன வயசுலேருந்து அப்படித்தான்.

வந்துடுச்சு! பாருங்க, வேரோட வந்துடுச்சு! எவ்வளவு அழகான வேரு. துப்பாதீங்க. நல்லா கொப்பளிக்கணும்னு தோணும், வேணாம்.

நீங்களும் அன்னிக்கு ஹால்ல நின்னவங்க மாதிரியே பாக்கறீங்களே. சரி, சொல்லிடறேன், எப்படியும் நீங்க யாருகிட்டயும் போயி சொல்ற நெலமையில இல்ல. அன்னிக்குச் சத்தமா ஜெபம் பண்றதா பேச்சே கெடையாது. எம்பொண்ணுதான் முன்னாடியே ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தா. 'எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ண மூடி, அவங்கவங்க மனசுக்குள்ள அவங்கவங்க முறையில ஜெபம் பண்ணிக்கோங்க. யாரும் யாருக்கும் ஆமென் சொல்ல வேணாம்'னு. சம்பந்தி உடனே சரின்னாரு. எங்க அக்காவே சரின்னா, அவளே! நானும்தான் சரின்னேன். எல்லாரும் கண்ண மூடினாங்க. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாக்கறேன், சம்பந்தி ஒதடு அசையுது. மொகத்துல அப்படி ஒரு அமைதி, கண்ணோரம் தண்ணி வேற. இயேசு தேவன் இல்லன்னு சொல்ற மனுஷன் இவ்வளவு உருக்கமா யாருகிட்டதான் பேசறாருன்னு எனக்குள்ள ஒரு... பொறாமைன்னே வச்சுக்கோங்க. வாய் தானா வந்துடுச்சு. நான் வரவைக்கல, அதுவா வந்துச்சு.

அவங்க போனதுக்கு அப்புறம் எம்பொண்ணு கேட்டா ஒரு கேள்வி. அழல, கத்தல. 'அம்மா, நீங்க இப்ப ஜெபம் பண்ணது யாருகிட்ட? ஆண்டவர்கிட்டயா, மாமாகிட்டயா?'ன்னு. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லன்னு நெனச்சீங்களா? 'ரெண்டு பேருக்கும் கேக்கட்டும்'னு சொன்னேன்! ஆனா அன்னிக்கு ஆக்கின சோத்த அப்படியே ஃப்ரிட்ஜுல எடுத்து வச்சேன்.

மாப்பிள்ள பையன் போயி அவன் அப்பாவ சமாதானம் பண்ணி, அவரே எனக்குப் போன் போட்டு, 'மனசுல எதுவும் வச்சுக்காதீங்க'ன்னாரு. அந்தக் குரல்லயே. இன்னிக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து ஆயிடுச்சு. இப்ப ஹால்ல விருந்து. விருந்துக்கு முன்னாடி மறுபடி அதே ஒரு நிமிஷம். காலையில கெளம்பறப்ப எம்பொண்ணு வாசல்ல நின்னு கேட்டா, 'அம்மா, அந்த ஒரு நிமிஷம் மட்டும் சும்மா இருக்கேன்னு சொல்லுங்க. அது போதும், வாங்க'ன்னு. என்னால சொல்ல முடியல. எனக்கே என் வாய் மேல நம்பிக்க இல்லயே, அவளுக்கு எப்படி வாக்கு குடுக்கறது? 'நான் வரல, நீங்க போங்க'ன்னுட்டேன். கோவத்துலதான் சொல்றேன்னு அவ நெனச்சிருப்பா. பயத்துல சொன்னேன்.

இந்தத் துணிச் சுருள நல்லா கடிச்சுக்கோங்க. இன்னும் அழுத்தி. ரத்தம் நிக்கற வரைக்கும் பேசவே கூடாது, சரியா? ஒரு வார்த்த பேசினா மறுபடி கசியும்.

இருங்க, போன் அடிக்குது. எங்க வீட்டுக்காரர்... ஆங், சொல்லுங்க. ஆரம்பிச்சுக்கோங்கன்னு அவகிட்டச் சொல்லலாமே... என்னது?... எல்லாரும் நின்னுக்கிட்டேவா? சம்பந்தியம்மா முட்டி?... சரி... சரி, வைங்க.

பந்தி போடலயாம். எல்லாரும் எழுந்து நின்னாச்சாம். எம்பொண்ணு மட்டும் கண்ண மூட மாட்டேங்கறாளாம். வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறாளாம்.

தம்பி... உங்க டாக்ஸி வெளியதானே நிக்குது? ஓட்டுவீங்கல்ல? தல சுத்தல் எதுவும் இல்லயே? இந்த ஏப்ரன கழட்டிடறேன். பாத்தீங்களா, உள்ள நல்ல புடவதான். காலையிலயே கட்டிட்டேன். கட்டிட்டுதான் வரலன்னேன். எடத்த இப்பவே சொல்லிடறேன்: நேரா போயி, பெட்ரோல் பங்க் தாண்டி ரெண்டாவது திருப்பம், மாடியில ஹாலு. வண்டியில ஏறிட்டா என்னால சொல்ல முடியாது. ஏன்னா கேளுங்க, இந்தச் சுருள்ல எனக்கும் ரெண்டு எடுத்துக்கறேன். நல்லா தடியா. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கடிச்சுக்கிட்டு நின்னா எந்த இயேசுவும் வெளிய வர மாட்டாரு, எல்லாம் உள்ளயே நிக்கட்டும். யாராவது கேட்டா, டாக்டரம்மாவுக்கே பல்லு புடுங்கியாச்சுன்னு நீங்க சொல்லிடுங்க... அட, நீங்களும் பேச முடியாதே! நல்ல ஜோடிதான் போங்க.

வெளக்க அணைச்சாச்சு. கதவப் பூட்டியாச்சு. ஏறுங்க, ஏறுங்க. ஒரே ஒரு வார்த்த, அப்புறம் கடிச்சுக்கறேன். இத மட்டும் சொல்லிடறேன், இல்லன்னா வழியெல்லாம் நெஞ்ச அடைக்கும். அவரு தேவன்தான், தம்பி. சம்பந்தி என்ன சொன்னாலும், பாஸ்டர் என்ன சொன்னாலும், எனக்கு வெளக்கத் தெரியாட்டியும், அவரு தேவன்தான். ஆமென்! எங்க, நீங்களும் ஒரு ஆமென் சொல்லுங்க...

என்ன, பேசாம பாக்கறீங்க?

சரி, விடுங்க. சொல்லாட்டி என்ன இப்போ. வண்டிய எடுங்க, புள்ள நின்னுக்கிட்டு இருக்கா. இதோ, கடிச்சுக்கறேன்...

ம்.

ம்ம்.